கண்ணாடி ரூமு வேலை

ஒரு ஆளை வேலைக்குப் பாக்க வரச் சொன்னா ஒக்கார ஒரு சேராவது போடணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க. எங்க கம்பெனியில அது கூட இல்ல. பத்து மணிக்கு வான்னு சொல்லிட்டு மேனேஜரு மகாராஜன் எங்க போனாரோ தெரியல. வேலைக்கு வந்த கார்த்திகா கேட்டு வாசல்ல குடையும் பைலுமா நின்னுக்கிட்டே இருக்கா. மழை வேற பெய்யவும் செய்யாம விடவும் செய்யாம நசநசன்னு தூத்திக்கிட்டு இருக்கு. எனக்கு உள்ள இருந்து பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா வந்துச்சு.

நான் பொன்னுமணி. போடியில ஏலக்காய் பொறுக்குறவ. மலையில இருந்து காஞ்சு வர்ற காயை குடோன்ல அம்பாரமாக் கொட்டிருவாங்க. நாங்க பொம்பளைங்க அதைச் சுத்தி சாக்கை விரிச்சு ஒக்காந்து, ஆளுக்கொரு மொறம், நாங்க சொளகும்போம், அதை வச்சுக்கிட்டு, பெருசு தனியா, சிறுசு தனியா, வெடிச்சது தனியா, நெறம் வெளுத்தது தனியாப் பிரிக்கணும். குனிஞ்ச தலை நிமிராம இதுதான் சோலி. காய் நெறம் தெரியணும்ல, அதனால வெளிச்சம் விழுற எடத்துக்கு எப்பவும் போட்டி. சீலை, தலைமுடி, கொண்டு போற சோறு எல்லாம் ஏலக்காயா மணக்கும். வெளியூர்க்காரங்க பஸ்சுல பக்கத்துல ஒக்காந்தா, "வீட்ல இன்னைக்குப் பாயாசமா"ன்னு கேப்பாங்க. ஆமா, பாயாசம் வச்சுக் குடிக்கத்தான் எங்களுக்கு நேரம் கெடக்கு!

கார்த்திகா எங்க பக்கத்து வீட்டுப் புள்ள. ராசிங்காபுரத்துல எங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் சொவருதான். அவ அப்பா காசிமாயனை நான் அண்ணேம்பேன், அவ ஆத்தா ஈஸ்வரியை மதினிம்பேன், அவ என்னைய அத்தைம்பா. ரத்த சொந்தமெல்லாம் இல்ல, கூப்புட்டுக் கூப்புட்டு ஆன சொந்தம்.

காசிமாயண்ணன் மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவரு. எங்க ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான். காலையில கோழி கூப்புடுறப்ப ஜீப்பு வந்து ஆரன் அடிக்கும். போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளாத் தோட்டத்துல கொண்டு போயி எறக்கி விடும். சாயங்காலம் திரும்ப அள்ளிப் போட்டுக்கிட்டு வரும். அள்ளிப் போட்டுக்கிட்டுன்னுதான் சொல்லணும். மடியில ஒரு ஆளு, பின்னாடி தொங்கிக்கிட்டு நாலு ஆளு. போன ஆடியில பனியும் மழையுமா இருந்த ஒரு நாளு, வளைவுல எதுக்க வந்த லாரிக்கு ஒதுங்குன ஜீப்பு அப்படியே ஓடைக்குள்ள சாஞ்சிருச்சு. நல்லவேளை பெரிய பள்ளமில்ல, உசுருக்கு ஒண்ணும் ஆகல. அண்ணனுக்கு இடுப்பெலும்பு விட்டுப் போச்சு. அன்னைக்குப் படுத்தவருதான், இப்பத்தான் சொவத்தப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கிறாரு.

ஈஸ்வரி மதினிக்கு மலைப்பனி ஆகாது, நெஞ்சு இழுத்துக்கும். அப்ப யாரு போறது? பி.காம் முடிச்சு, கம்ப்யூட்டர் கிளாசும் போயிட்டு வீட்ல இருந்த கார்த்திகாதான் அப்பா ஒக்காந்த எடத்துல ஏறி ஒக்காந்தா. அதே ஜீப்பு, அதே வளைவு. தோட்ட வேலை அவளுக்குக் கஷ்டமில்ல, அட்டை கடிச்சாக்கூடப் பிச்சுப் போட்டுட்டு காய் எடுப்பா. அந்த ரோடுதான் அவளுக்கு ஆகல. ஏறுறப்ப வாந்தி, எறங்குறப்ப வாந்தி. கம்பியப் பிடிச்ச பிடியில உள்ளங்கை செவந்து போயி வருவா. ஒரு நாளு என்கிட்ட மட்டும் சொன்னா: "அத்தே, அப்பா விழுந்த எடம் வரும்போது கண்ண மூடிக்குவேன். மூடிக்கிட்டா இன்னும் பயமா இருக்கு. தெறந்தாலும் பயமா இருக்கு. நான் என்ன பண்றது சொல்லு." அவ மலையில இருந்து எறங்குற வரைக்கும் அண்ணனும் கட்டில்ல கெடந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பாரு. அந்த வீட்ல பகல் பூராவும் யாரும் சத்தமாப் பேசினதில்ல.

இப்படி இருக்கையிலதான் எங்க கம்பெனியில கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டு இருந்த புள்ள கல்யாணமாகித் திருப்பூருக்குப் போயிருச்சு. கண்ணாடி ரூமு வேலைன்னு நாங்க சொல்லுவோம். மேனேஜரு ஒக்கார்ற ரூமுலயே ஒரு ஓரமா மேசை, பேன், சேரு. லோடு வர்றதையும் போறதையும் ஏத்தணும், பில்லு போடணும், அம்புட்டுத்தான். நான் அன்னைக்கே ஓடிப் போயி மதினிகிட்டச் சொன்னேன். கார்த்திகாவும் எழுதிக் குடுத்தா. பத்து நாளு கழிச்சு எங்க கணக்குப்பிள்ளை போன் போட்டு, புதன்கெழமை பத்து மணிக்கு மேனேஜரப் பாக்க வாம்மான்னாரு.

அன்னைக்குக் காலையில அந்த வீட்டப் பாக்கணுமே! மதினி விடியறதுக்கு முன்னாடி குளிச்சுக் கேசரி கிண்டியிருக்கு. கார்த்திகா மாம்பழக் கலர் சுடிதாரு, இஸ்திரி போட்ட சாலு, தலையில கனகாம்பரம். ஜீப்பு டிரைவரு சின்ராசு வழக்கம்போல வாசல்ல வந்து ஆரன் அடிச்சான்.

"இன்னைக்கு வரலண்ணே, போடியில ஒரு சோலி இருக்கு"ன்னா இவ.

"இன்னைக்கு மட்டுமா, இல்ல இனிமே வரவே மாட்டியாத்தா? ஏலப்பாறைத் தெருவுல ஒரு ஆளு எடம் கேட்டுக்கிட்டே இருக்கு. சொல்லிட்டா நான் அதைப் போட்டுக்குவேன்."

கட்டில்ல இருந்து அண்ணன் கத்துனாரு: "இனிமே இல்லன்னு சொல்லுத்தா!"

"கெடைக்கட்டும்ப்பா மொதல்ல."

"அதெல்லாம் கெடைக்கும். படிச்ச புள்ளைக்குக் கெடைக்காம வேற யாருக்குக் கெடைக்கும்? டேய் சின்ராசு, நீ அந்த ஆளப் போட்டுக்க."

சின்ராசு சிரிச்சுக்கிட்டே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். கார்த்திகாவுக்கு மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. "ஏம்ப்பா அவசரப்படுறீக"ன்னு மட்டும் சொன்னா. நாங்க ரெண்டு பேரும் பஸ்சேறி போடிக்கு வந்தோம். வழியெல்லாம் அவ வாய்க்குள்ளயே எதையோ சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தா. "என்னடி மொனகுற"ன்னு கேட்டேன். "உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னு கேப்பாங்களாம் அத்தே, இங்கிலீசுல சொல்லணும்"னா. நம்ம மகாராஜன் இங்கிலீசுல கேக்கப் போறாராக்கும்னு நான் நெனச்சுக்கிட்டேன், வாயத் தெறக்கல.

இப்பக் கேட்டு வாசல்ல நிக்கிறா. வாச்மேன் அமாவாசைக்கே பாவமாப் போச்சு. "ஏம்மா மழையில நிக்கிற, உள்ள போயி ஒக்காரு"ன்னான். உள்ள எங்க ஒக்கார? கண்ணாடி ரூமப் பூட்டி சாவிய மேனேஜரு கொண்டு போயிட்டாரு. நான்தான் கையக் காட்டிக் கூப்புட்டேன். எம் பக்கத்துல சாக்குல ஒரு ஓரமா, சுடிதாரு கசங்காம ஒடுங்கி ஒக்காந்தா. பைலை மடியில வச்சுக்கிட்டா.

எங்க குடோன்ல ஒரு வழக்கம் இருக்கு. அம்பாரத்துக்கிட்ட ஒக்காந்தா கை சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருக்கற கை மடிக்குப் போகும்பாங்க. அதனால யாரு ஒக்காந்தாலும், வெளிய இருந்து வந்த விருந்தாளியா இருந்தாலும், ரெண்டு காயைப் பொறுக்கிச் சொளகுல போட்டுக்கிட்டுத்தான் பேசணும். அலிமாக்கா எங்க சூப்பர்வைசரு, தங்கமான மனுசி, ஆனா இந்த விசயத்துல விட்டுக் குடுக்காது.

"யாரு பொன்னு இது, ஒன் அண்ணன் மகளா? நல்லா இருக்கியாம்மா. கையப் போடும்மா, தப்பா நெனச்சுக்காத. மேல கேமரா இருக்கு."

"சரிக்கா"ன்னு கார்த்திகா பைலை என் பையில வச்சிட்டு, தோள்ல கெடந்த சாலை இழுத்து முடிஞ்சுக்கிட்டுக் கையப் போட்டா. சின்னப் புள்ளையில லீவு விட்டா என்கூட இங்கதான் கெடப்பா. கை மறக்கல. கண்ணு அம்பாரத்துல இல்ல, கேட்டுல இருக்கு. கை மட்டும் பாட்டுக்கு ஓடுது. பதினொண்ணு ஆச்சு, டீ வந்துச்சு. பன்னெண்டு ஆச்சு. அவ தலையில இருந்த கனகாம்பரம் மேல எல்லாம் ஏலக்காய்த் தூசி.

"வருவாரா அத்தே?"

"வருவாரு, வருவாரு. வராம எங்க போவாரு. சம்பளம் வாங்கணும்ல."

வந்தாரு. காதுல போனு, கையில வடைப் பொட்டலம். எங்களத் தாண்டித்தான் ரூமுக்குப் போகணும். கார்த்திகா வெடுக்குன்னு எந்திரிச்சு, "வணக்கம் சார்"னா. அவரு ஒரு பார்வ பாத்துட்டு, "ஒக்காரு ஒக்காரு, வேலையப் பாரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவ எந்திரிச்ச வாக்குல நிக்கிறா. பக்கத்துல இருந்த பொம்பளைங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

எனக்குப் பொறுக்கல. நேரா ரூமு வாசல்ல போயி நின்னேன். "சார், இந்தப் புள்ள கம்ப்யூட்டர் வேலைக்கு நீங்க வரச் சொன்ன புள்ள. காலையில இருந்து காத்துக்கிட்டு இருக்கு."

"அப்படியா? வரச் சொல்லு."

கார்த்திகா என் பையில இருந்த பைலை எடுத்துக்கிட்டு உள்ள போனா. அந்த ரூமுக்குக் கண்ணாடி ஆளு உசரத்துக்குத்தான் இருக்கு, மேல தெறந்து கெடக்கும். அதனால உள்ள பேசுறது எங்க எல்லாருக்கும் கேக்கும். கேக்கக் கூடாதுன்னு அவரும் நெனச்சதில்ல.

"பேரென்ன?"

"கார்த்திகா சார்."

"எந்தூரு?"

"ராசிங்காபுரம் சார்."

"ராசிங்காபுரத்துல எந்தத் தெரு?"

அவ தெருவச் சொன்னா.

"யாரு மக?"

"காசிமாயன் மக சார்."

"எந்தக் காசிமாயன்? ரெண்டு மூணு பேரு இருக்காங்களே. ஒங்க குலசாமி எது?"

வேலைக்கும் குலசாமிக்கும் என்னய்யா சம்பந்தம்? கம்ப்யூட்டருக்குப் பொங்கலா வைக்கப் போறா? நோண்டி நோண்டி என்ன சாதின்னு கண்டுக்கிட்ட பெறகுதான் அவருக்கு மூச்சு வந்துச்சு. அதுக்குள்ள போனு. எடுத்து சத்தத்தக் கூட்டி மேசையில வச்சுக்கிட்டாரு. யாரோ ஒரு புரோக்கரு, தேவாரம் ரோட்டுல எடம் ஒண்ணு வருதாம். அந்தாளோட கால் மணி நேரம். பேச்சு வாக்குல வடையப் பிரிச்சு வச்சாரு. எங்க வச்சாரு தெரியுமா? அந்தப் புள்ள நீட்டுன பைலு மேல. எண்ணெய் எறங்குது. அவ பைலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. ஒக்காருன்னு கூடச் சொல்லல அந்த மனுசன்.

போனை வச்சதும் அவ மெதுவா, "சார், சர்டிபிகேட்டு எல்லாம் அதுல இருக்கு"ன்னா.

"இருக்கட்டும், இருக்கட்டும். படிச்சிருக்கேன்னு சொன்னா நான் நம்ப மாட்டேனா? கல்யாணம் எப்ப?"

"இப்ப இல்ல சார்."

"இப்படித்தான் முன்னாடி இருந்தவளும் சொன்னா. பழக்கி விட்டப்புறம் பத்திரிகையோட வந்து நிக்கிறா. பொம்பளப் புள்ளைகள வச்சா இதான் தொல்லை."

"எனக்கு டேலி தெரியும் சார். பில்லு போடுறது, ஜி.எஸ்.டி.…"

"தெரியட்டும், தெரியட்டும்." வடையக் கடிச்சுக்கிட்டே அவளை ஏற எறங்கப் பாத்தாரு. "ஏம்மா, நீ இப்ப அம்பாரத்துல ஒக்காந்து பொறுக்கிக்கிட்டு இருந்தவதான? வரும்போதே பாத்தேன். கை நல்லா ஓடுது. எங்க பழகுன?"

"சின்ன வயசுல லீவுக்குப் பொன்னு அத்தை கூட வருவேன் சார்."

"அதான பாத்தேன். புதுசா வர்றவளுகளுக்கு இப்படி வராது."

"சார், நான் கம்ப்யூட்டர் வேலைக்கு…"

"அதுவா? அது முடிஞ்சு போச்சேம்மா. மொதலாளி சம்சாரத்தோட அண்ணன் மக வருது. போன வாரமே பேசியாச்சு. ஒனக்கு யாரும் சொல்லலையா?"

குடோன்ல சொளகு தட்டுறது நின்னு போச்சு.

"நேத்துக்கூட கணக்குப்பிள்ளை சார் போன் பண்ணி வரச் சொன்னாரு சார்."

"இந்தாளுகிட்ட ஒரு சோலியச் சொன்னா உருப்படியாச் செய்ய மாட்டாரு. சரி விடு. வந்தது வந்துட்ட. பொறுக்குறதுக்கு எனக்கு ரெண்டு ஆளு வேணும். சீசன் நேரம், லோடு எறங்கிக்கிட்டே இருக்கு. வர்றியா?"

"சார், நான் பி.காம்."

"அதனால என்ன? காய் வேணாம்னு சொல்லுதா?" சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டாரு.

இப்ப இவ பைலை உருவிக்கிட்டு, வடை தரையில விழட்டும்னு கெளம்பி வருவான்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். சத்தியமாச் சொல்றேன், அப்படி அவ வந்திருந்தா நானும் சொளகைத் தூக்கி எறிஞ்சிட்டு அவ பின்னாடியே போயிருப்பேன். அம்புட்டுக் கோவம் எனக்கு. ஆனா அவ வடைப் பொட்டலத்த ஓரமா எடுத்து வச்சா, சாலு முந்தியில பைலத் தொடச்சா.

"எப்ப இருந்து வரணும் சார்?"

"இப்பவே ஒக்காரு. அரை நாளு போட்டுக்குவோம்."

வந்து எம் பக்கத்துல ஒக்காந்தா. மாம்பழக் கலர் சுடிதாரு கசங்குறதப் பத்தி இந்தத் தடவ அவ பாக்கல, சம்மணம் போட்டுட்டா. அலிமாக்கா ஒரு சொளகைக் கொண்டாந்து அவ முன்னாடி வச்சுச்சு, வச்சிட்டுத் தலையத் தடவிட்டுப் போச்சு.

எனக்குத்தான் வாய் நிக்கல. "ஏண்டி ஒத்துக்கிட்ட? அந்தாளு மூஞ்சியில காறித் துப்பிட்டு வர வேண்டியதுதான? வேற கம்பெனியே இல்லையா போடியில?"

"இருக்கும் அத்தே. பாப்போம்."

"பெறகு?"

"இது பஸ்சு அத்தே." காயைப் பாத்துக்கிட்டே சொன்னா. "நம்மூர்ல இருந்து போடி வரைக்கும் சமதள ரோடு. ஒரு பள்ளம் கெடையாது. காலையில வந்தப்ப எனக்கு வாந்தியே வரல, கவனிச்சியா?"

சோத்து வாளியத் தெறந்து அவளுக்கும் பாதிய வச்சேன். சுண்டக்கொழம்பும் அவரக்காயும். வேணாம் வேணாம்னுட்டு, வச்சது பூராத்தையும் வழிச்சுச் சாப்புட்டா.

சாயங்காலம் வெளிய போகும்போது கேட்டுல நாங்க எல்லாரும் சீலைய ஒதறிக் காட்டணும். மடியில காய் எதுவும் போகக் கூடாதுன்னு. அமாவாசை வரிசையாப் பாத்துக்கிட்டே வந்தவன் கார்த்திகாவப் பாத்ததும் முழிச்சான்.

"நீ இண்டர்வியூக்கு வந்த புள்ளையில்ல?"

"ஆமாண்ணே."

"ஒன்னைய ஒதறச் சொல்லணுமா, வேணாமாம்மா?"

"ஒதறணும்ண்ணே"ன்னு அவளே சாலை எடுத்து ரெண்டு தடவ ஒதறுனா. தூசியும் காம்பும் பறந்துச்சு. அமாவாசை வேற பக்கம் திரும்பிக்கிட்டான்.

பஸ்சுல வரும்போது கேட்டேன், வீட்ல என்ன சொல்லப் போறன்னு. "நான் சொல்லிக்கிறேன், நீ ஒண்ணும் சொல்லாத அத்தே"ன்னா. சரின்னேன்.

வீட்டு வாசல்லயே அண்ணன் நிக்கிறாரு. சொவத்தப் பிடிச்சுக்கிட்டு, ஒத்தக் கால்ல பாரத்தப் போட்டுக்கிட்டு. மதினி பின்னாடி.

"என்னத்தா, கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுப்பா."

அந்த மனுசனுக்கு வந்த சந்தோசத்தப் பாக்கணுமே! "நான் சொன்னேனா இல்லையா! ஈஸ்வரி, நான் சொன்னேனா இல்லையா!"ன்னு கத்துறாரு. மதினி கண்ணத் தொடச்சிக்கிட்டு மக கையப் பிடிச்சுக்கிச்சு. கார்த்திகா சிரிக்கத்தான் பாத்தா. "தலை வலிக்குதும்மா, குளிச்சிட்டு வர்றேன்"னு பின்கட்டுக்குப் போயிட்டா.

அண்ணன் கட்டில்ல எறங்கி ஒக்காந்துக்கிட்டு என்னையப் பிடிச்சுக்கிட்டாரு. "பொன்னு, நீ ஒக்காரு. நீதான சொல்லி விட்ட, ஒன்னைய மறக்க மாட்டேன். அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள பேனு இருக்குன்ன. எம் மகளுக்கு எந்தப் பக்கம் எடம் போட்டிருக்காங்க?"

நான் மதினியப் பாத்தேன். மதினி என்னையப் பாக்குது. கார்த்திகா தானே சொல்லிக்கிறேன்னுதான் சொன்னா. ஆனா நேருக்கு நேரா ஒரு மனுசன் மொகத்தப் பாத்துக் கேக்கும்போது நான் என்னத்தச் சொல்ல? எனக்குப் பொய் சொல்லவும் வராது.

"எம் பக்கத்துலதாண்ணே"ன்னேன்.

"ஒம் பக்கத்துலயா?"

"ஆமாண்ணே. எம் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தா. நாளைக்கும் அங்கதான்."

அவருக்குப் புரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் மொகம் அப்படியே வத்திப் போச்சு.

"மலைக்குப் போக வேணாமுல்ல?"ன்னாரு.

"வேணாம்ண்ணே."

"அது போதும். அது போதும்." ரெண்டு தடவ சொன்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். சொவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டு, யாருக்கோ சொல்ற மாதிரி சொன்னாரு: "பொன்னுமணி மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதான் அவளைப் படிக்க வச்சேன்."

நான் அங்கதான் ஒக்காந்திருக்கேன். கைக்கெட்டுற தூரத்துல. மதினி பதறிப் போயி, "என்ன பேச்சு பேசுறீக"ன்னு அவரு தோளத் தட்டுச்சு. அவருக்கு என்ன சொன்னோம்னே தெரியல போல. மனசறிஞ்சு சொல்ற ஆளில்ல அவரு. எனக்கு வந்த கோவத்துல, பதினாறு வருசமா அங்க ஒக்காந்துதான்டா நானும் ரெண்டு புள்ளைகளக் கரையேத்தினேன்னு நறுக்குன்னு கேக்கணும் போல இருந்துச்சு. வாயத் தெறந்துட்டேன். ஆனா எம் மக காலேசு சேந்த அன்னைக்கு நானும் இதே வார்த்தையத்தான் சொன்னேன். அந்த நெனப்பு வந்ததும் வாய மூடிக்கிட்டேன். அவரு சொன்னத விட அதுதான் எனக்கு ரொம்பச் சுட்டுச்சு.

கார்த்திகா ஈரத் தலையோட வந்தா. எங்க மூணு பேரு மொகத்தையும் பாத்தா.

"காலையில வெரசாக் கெளம்புடி. லேட்டா வந்தா வெளிச்சம் விழுற எடத்துல வேற ஆளு ஒக்காந்துருவாளுக"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்தேன்.